தலைப்பாகைக்கு ஒரு பாடு

எங்கள் குப்பத்தில் ஒரே ஒரு தடவைதான் ஊர் மொத்தமும் குற்றவாளியாக நின்றது. புகார் கொடுத்தவர் என் வீட்டுக்காரர்.

எல்லையம்மன் கோயில் வாசலில் ஓலைப்பாயை விரித்து, அதன்மேல் சாட்சிப் பொருள்களை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒரு வஞ்சிரம். நாலு பிடி இறால். உயிரோடு ஒரு நண்டு. ஒரு குவியல் மடவை மீன். சாயங்கால வெயில்தான் என்றாலும் சாட்சிகள் நாறத் தொடங்கிவிட்டன. ஒரு பூனை வந்து வழக்கைச் சீக்கிரம் முடிக்கப் பார்த்தது. அதை விரட்டுவதற்கென்றே ஓர் ஆளை நிறுத்த வேண்டியிருந்தது.

பஞ்சாயத்துத் தலைவரை நாங்கள் நாட்டார் என்போம். அன்றைக்கு நாட்டார் அந்தப் பாய் இருந்த பக்கமே திரும்பவில்லை. என் வீட்டுக்காரர் தேசப்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, குதிகால் இரண்டையும் சேர்த்து, பட்டாளத்தில் நிற்கிற மாதிரியே விறைப்பாக நின்றார்.

"என் வலையில கை வெச்சிட்டாங்கோ நைனா."

"யாரு?"

"ஊரு."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். குற்றவாளிகள் வரிசையில் இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது ஆளாக நான் நின்றுகொண்டிருந்தேன்.

இந்தக் கூத்து எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் பத்துப் பன்னிரண்டு வருஷம் பின்னால் போக வேண்டும். பசியாவரத்திலிருந்து வந்த என் கல்யாணப் படகு ஏரி நடுவில் தரை தட்டி, மாப்பிள்ளை வீட்டார் பட்டு வேட்டியோடு சேற்றில் இறங்கித் தள்ளிய கதையைப் போன வாரம் சொன்னேன் அல்லவா, அதற்கு அடுத்த மாசத்திலிருந்து தொடங்குகிறேன்.

நாற்பது நாள் புருஷன்

மீன் பிடிக்கிறவன் பட்டாளத்துக்கு எதற்குப் போனான் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். கல்யாணத்துக்கு முந்தின வருஷம் அவருடைய சிநேகிதன் ஒருத்தன் ஆள் எடுக்கிறார்கள் என்று மெட்ராஸுக்குப் போயிருக்கிறான். இவர் சும்மா துணைக்குப் போனார். சிநேகிதனுக்கு மார்பளவு போதவில்லை. வலை இழுத்து இழுத்து இவருக்கு மார்பு அகலம். அளந்தவர் இவரை விடவில்லை. துணைக்குப் போனவர் துப்பாக்கியோடு நின்றார்.

கல்யாணமாகி நாற்பதாவது நாள் லீவு முடிந்து கிளம்பிவிட்டார். முதல் கடிதம் ராஜஸ்தானத்திலிருந்து வந்தது. 'இங்கே கண்ணுக்கெட்டின தூரம் மணல் இருக்கிறது. கடலை மட்டும் எங்கேயோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்' என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். அப்புறம் அடுப்படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

நான் எட்டாவது வரை படித்தவள். அதனால்தான் பின்னாளில் குப்பத்துப் பால்வாடிக்குக் கன்னிம்மா டீச்சர் ஆனேன். ஆனால் அந்தப் படிப்பு எதுவும் ஏரியில் செல்லாது. ஏரியில் செல்லுவது பாடு ஒன்றுதான்.

தலை இல்லாவிட்டால் தலைப்பாகை

பழவேற்காட்டு ஏரியில் மீன் எல்லோருக்கும் பொது. இடம் அப்படியில்லை. முகத்துவாரத்தை ஒட்டி நீர் ஓடுகிற வாய்க்கால்களில்தான் இறால் கூட்டம் கூட்டமாக வரும். அங்கே கழி நட்டு வலை கட்ட எல்லோருக்கும் ஆசை. எல்லோரும் கட்டினால் அடிதடிதான். அதனால் இன்றைக்கு இன்னார், நாளைக்கு இன்னார் என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. ஒரு தலைக்கட்டுக்கு ஒரு பாடு. பெண்ணுக்கு இல்லை. இதைப் பற்றி எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. அதை இங்கே ஏற்றினால் படகு முழுகிவிடும், விடுங்கள்.

இதில் இரண்டு கட்டுப்பாடு ரொம்பக் கெட்டி. சீட்டுப் போடும்போது ஆள் நேரில் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டாவது, அடுத்தவன் வலையில் யாரும் கை வைக்கக்கூடாது. வைத்தால் அவனுடைய அடுத்த பாடு பறிபோய், வலைக்காரனுக்குச் சேர்ந்துவிடும்.

அவர் போன பிறகு வந்த முதல் சீட்டு நாளில் நாட்டார் தொண்டையைச் செருமினார்.

"தேசப்பன் ஆள் இல்ல. ஆள் இல்லாத தலைக்கட்டுக்கு சீட்டு கெடியாது. இன்னா செய்றது, கட்டுப்பாடு கட்டுப்பாடுதான்."

என் வீட்டுக்காரரின் அக்காள் செங்கேணி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். செங்கேணி அண்ணிக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. அவள் ரகசியம் சொன்னால் கோட்டைக்குப்பத்துக்குக் கேட்கும்.

"யோவ் நைனா, ஒரு நாட்டுக்கே காவல் நிக்கிறான் அவன். அவனுக்கு இந்த ஏரியில ஒரு கழி நட எடமில்லியா?"

"எடம் கீதும்மா. ஆளுதான் இல்ல."

"தலை இல்லன்னா இன்னா? இந்தா, தலப்பா கீது!"

வீட்டுக்கு ஓடிப்போய் அவருடைய சிவப்புத் துண்டைக் கொண்டுவந்து, அவர் கட்டுகிற மாதிரியே சுற்றி, ஒரு கழியின் முனையில் மாட்டி ஆண்கள் வரிசையில் நட்டாள். ஊர் கொஞ்ச நேரம் அந்தத் தலைப்பாகையைப் பார்த்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த துலுக்காணம், என் வீட்டுக்காரரின் உயிர்ச் சிநேகிதர், தலைப்பாகைக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான். தீர்ப்பு ஆகிவிட்டது.

அன்று முதல் ஒவ்வொரு சீட்டு நாளிலும் தலைப்பாகை வந்து உட்காரும். ஒரு வருஷம் அதன்மேல் காக்கை உட்கார்ந்தது. சனி பகவானே ஓட்டுப் போட்டுவிட்டார் என்று நாட்டார் முதல் சீட்டையே அதற்குக் கொடுத்தார். தலைப்பாகையின் பாடு வரும் நாளில் துலுக்காணமோ வேறு யாரோ போய் வலை கட்டுவார்கள். மீன் என் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

ஊரே மாமியார்

இப்படிச் சொன்னதும் ஊர்க்காரர்கள் எல்லாம் தேவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு மாமியார் இல்லை, என்னைக் கட்டிக் கொடுக்கும் முன்பே போய்விட்டார். அந்தக் குறை தெரியாதபடி ஊர் மொத்தமும் மாமியார் ஆகிவிட்டது. மீஞ்சூரில் நல்ல சினிமா ஓடுகிறது என்று வாய் தவறிச் சொன்னால் போதும், துணைக்கு ஒரு படகு ஆள் ஏறிவிடும். படம் பார்த்த ஞாபகமே எனக்கு இல்லை. யாருக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்தோம், யார் இடைவேளையில் காணாமல் போனார்கள், அதுதான் ஞாபகம்.

புயல் அடித்தால் முதலில் என் வீட்டுக்குத்தான் கூரை வேய்வார்கள். அதற்காக ஓலையை அவரவர் கூரையிலிருந்து உருவிக்கொண்டு வருவார்கள். அப்புறம் அவர்கள் வீட்டுப் பெண்கள் போடுகிற சத்தத்தை நான்தான் கேட்க வேண்டும்.

வங்காளத்துப் பக்கம் சண்டை நடந்த அந்த டிசம்பரில் ஆறு வாரம் கடிதம் இல்லை. அப்போது பழவேற்காட்டு ஊருக்குள் இறால் வாங்குகிற காதர் பாய் கடையில்தான் ரேடியோ. தினமும் செங்கேணி அண்ணி என்னை இழுத்துக்கொண்டு அங்கே போவாள்.

"பாய், சண்டை எந்தப் பக்கமா நடக்குது?"

காதர் பாய் யோசித்து, ஒரு திசையைக் கை காட்டினார். மறுநாளிலிருந்து அண்ணி விடிந்ததும் அந்தப் பக்கமாகத் திரும்பி மண்ணை வாரித் தூற்றி, எதிரியைச் சபிக்கத் தொடங்கினாள். ஒருநாள் காற்று மாறியடித்து மண் மொத்தமும் நாட்டார் கண்ணில் விழுந்தது. எதிரிக்கு ஏற்பட்ட சேதம் பற்றித் தகவல் இல்லை.

எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் பெண்களுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அதனால் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆளுக்கொரு சட்டியில் குழம்பை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, அவர்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டார்கள். யார் குழம்பில் புளி அதிகம், யார் கோழி யார் வீட்டில் முட்டை வைத்தது, ஏழு வருஷத்துக்கு முந்தின சீமந்தத்தில் யார் யாருக்குத் தாம்பூலம் தரவில்லை என்று விடிந்தால் பஞ்சாயத்து. தீர்த்து வைப்பதிலேயே எனக்குப் பொழுது போய்விடும். நடுநடுவே என் வாயில் ஒரு கவளம் சோற்றை யாராவது திணித்துவிடுவார்கள். அவர் உயிரோடு இருக்கிறார் என்று கார்டு வந்த அன்று சண்டை டக்கென்று நின்றது. அவரவர் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தச் சண்டையெல்லாம் எனக்காகப் போட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஐஸ் மேல் கோபம்

பதினோரு வருஷம் இப்படிப் போனது. அவர் வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். பெட்டியில் கேன்டீன் ரம் இருக்கும். அந்த ஒரு மாசத்துக்கு எங்களுக்கு இல்லாத சொந்தமெல்லாம் இருக்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வெயில் காலத்தில் அவர் ஒரேயடியாக வந்துவிட்டார். கடைசியாக இருந்தது வடக்கே பனிமலை. பனி கடித்து வலது கையில் மூன்று விரல் பாதியோடு போய்விட்டது. மிச்சம் இருந்த விரல்களில் உணர்ச்சி இல்லை. பென்ஷன் உண்டு என்று அனுப்பிவிட்டார்கள்.

விரல் போனதை ஊர் புரிந்துகொண்டது. எங்கள் ஊரில் சுறா கடித்தவர் உண்டு, கயிறு அறுத்தவர் உண்டு. ஊருக்குப் புரியாதது ஐஸ்தான்.

"மீனு வெக்கிற ஐஸா?" என்று கேட்டாள் அண்ணி.

"அதேதான்க்கா."

"அது மீன கெடாம வெக்கும். மனுசன் வெரல ஏண்டா துன்னுது?"

மறுநாள் அண்ணி காதர் பாயின் ஏலக் கொட்டகைக்குப் போய், அங்கே மரத்தூளில் புதைத்து வைத்திருந்த ஐஸ் கட்டியைக் காலால் ஓங்கி ஓர் உதை விட்டாள். ஐஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணி ஒரு வாரம் நொண்டினாள்.

வந்தவர் பழைய ஆள் இல்லை. விடிவதற்கு முன் எழுந்து முகச்சவரம் செய்வார். போர்வையை நாலு மூலையும் சரியாக மடிப்பார். கோழிகளை அதட்டி வரிசையில் திறந்துவிடுவார். எங்கள் கோழிகள் பத்தே நாளில் ஒழுங்குக்கு வந்துவிட்டன, அவை மட்டும்தான். மனுஷர்களோடு அவருக்குப் பேச்சு வரவில்லை. வலைக்குப் பக்கத்தில் போய் உட்காருவார். கையை வைத்துப் பார்ப்பார். வலையில் மீன் இருக்கிறதா, பாசி இருக்கிறதா என்று கயிற்றைத் தொட்டதும் விரலுக்குத் தெரிய வேண்டும். அவர் விரலுக்குத் தெரியவில்லை. எழுந்து போய்விடுவார்.

மீஞ்சூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வாட்ச்மேன் வேலை இருப்பதாகக் கடிதம் வந்தது. ஒன்றாம் தேதி சேர வேண்டும்.

"வர்ற பாடு என்னோடது," என்றார் என்னிடம். "நானே வலை கட்டிப் பாக்கறேன். வந்தா இருப்போம். வரலேன்னா மூட்டையக் கட்டு."

குப்பத்தை விட்டு வெளியூர் வேலைக்குப் போனால் தலைக்கட்டு அழிந்துவிடும். நாட்டாரிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். "பட்டாளம் வேற, வாட்ச்மேன் வேற. அதுக்கெல்லாம் தலப்பா நடமுடியாதும்மா," என்று கையை விரித்துவிட்டார். போனால் போனதுதான். திரும்பி வந்தாலும் நாங்கள் அந்த ஏரிக்கு வேற்றாள். அவருக்கும் போக இஷ்டமில்லை என்று எனக்குத் தெரியும். இஷ்டமில்லாத இடத்தில் அவரைப் பதினோரு வருஷம் விட்டுவைத்தது போதாதா?

அன்றைக்கு ஏரியில் நல்ல கூட்டம்

ஆகவே நான் ஒரு காரியம் செய்தேன். பசியாவரத்தில் என் தம்பியிடம் சொல்லி இரண்டு பிடி மடவை வாங்கி வைத்துக்கொண்டேன்.

பாடு வந்த நாளன்று காலையில் துலுக்காணம் அண்ணனை மட்டும் துணைக்குக் கூட்டிக்கொண்டு அவர் வாய்க்காலில் வலை கட்டினார். இடது கையாலும் பல்லாலும் முடிச்சுப் போட்டார். மற்றவர்களுக்கு ஆகிற நேரத்தைப் போல் இரண்டு பங்கு ஆனது. தண்ணீர் வற்றும்போது ஓட்டத்தோடு வருகிற மீன் பை போல இருக்கும் வலையின் மடியில் சேரும். அதுவரை காத்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு படுத்தார்.

நான் மடவையை முந்தானையில் மறைத்துக்கொண்டு கரைக்குப் போனேன். துலுக்காணம் அண்ணன் படகில் இருந்தார்.

"அண்ணா, இத்த மடியில போட்டுடுங்கோ. யாருக்கும் தெரிய வேணாம்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஏதோ கோளாறு இருந்தது. அப்போது எனக்குப் புரியவில்லை. மீனை வாங்கிக்கொண்டு, "சரி தங்கச்சி, நீ போ, சீக்கிரம் போ" என்று என்னை விரட்டினார். பின்னால் யார் யாரோ காத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. எனக்கு முன்னால் இரண்டு பேர் வந்து போயிருந்தார்கள். ஒவ்வொருத்தரும் தான் ஒருத்தர்தான் என்று நினைத்துக்கொண்டு வந்தவர்கள்.

சாயங்காலம் வலை எடுக்கிறபோது கரையில் திருவிழாக் கூட்டம். ஆனால் யாரும் வேடிக்கை பார்க்க வந்த மாதிரி தெரியக்கூடாதே! ஒருத்தர் நல்ல வலையை எடுத்து வைத்துக்கொண்டு கிழிசல் தைத்தார். நாட்டார் ஆகாயத்தைப் பார்த்து மழை வருமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார், அது சித்திரை மாசம். செங்கேணி அண்ணி ஈரமில்லாத புடவையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

வாய்க்கால் கரைக்குக் கிட்டத்தில்தான். எல்லாம் தெரிந்தது, பேச்சும் கேட்டது. மடியைத் தூக்கமுடியாமல் படகு சாய்ந்தது. எனக்குப் பகீரென்றது. நான் போட்டது இரண்டு பிடிதானே?

அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் படகுப் பலகையில் வரிசையாக வைத்தார். முதலில் இறால். ஒன்றுக்கும் தலை இல்லை. தலையை ஆய்ந்து சுத்தம் செய்த இறால், தானாக நீந்தி வந்து மடியில் விழுந்திருக்கிறது.

அடுத்தது நண்டு. பெரிய பச்சை நண்டு. சந்தைக்குக் கொண்டு போகிற மாதிரி இரண்டு கொடுக்கையும் சேர்த்து, கயிற்றால் கட்டியிருந்தது.

அதற்கப்புறம் வந்தது முழங்கை நீள வஞ்சிரம். வஞ்சிரம் ஆழ்கடல் மீன். இடுப்பளவு ஏரியில் அது வந்து மாட்ட வேண்டுமானால் வழி கேட்டுக்கொண்டு நடந்துதான் வரவேண்டும். அதன் செவுளுக்குள் நெல்லிக்காய் அளவுக்கு ஐஸ் இருந்தது.

"இது எப்படிரா வந்துச்சி?" என்றார் அவர்.

துலுக்காணம் அண்ணன் நீரோட்டத்தின்மேல் பழியைப் போட்டார். "இன்னிக்கு நீவாடு ஒரு மாதிரியா கீதுண்ணே. எதஎதையோ தள்ளிகினு வருது."

அவர் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. எல்லாவற்றையும் கூடையில் போட்டுக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தார். பாத்திரம் பண்டம், துணிமணி எல்லாவற்றையும் ஒரு பழைய வலைத்துண்டில் போட்டு அவரே மூட்டையாகக் கட்டினார். வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். கூடையோடு நாட்டார் வீட்டுக்குப் போய்ப் பஞ்சாயத்தைக் கூட்டச் சொல்லிவிட்டார்.

தலை வந்துவிட்டது

அந்த மூட்டையைப் பார்த்துவிட்டு வந்துதான் நான் அந்த வரிசையில் நின்றேன். விசாரணை தொடங்கியது.

"எறாவுக்குத் தலை எங்க போச்சி?"

செங்கேணி அண்ணி முதல்முறையாக மெதுவாகப் பேசினாள். "பழக்க தோசம்டா தம்பி. படவு வர்ற வரிக்கும் கைய சும்மா வெச்சிகினு இருக்க முடியல. கிள்ளிட்டேன்."

"நண்டு?"

அதற்குச் சாட்சியே தேவையில்லை. அந்த முடிச்சைப் போடுகிறவர் குப்பத்தில் ஒரே ஒருத்தர்தான். அவர் நீதிபதி ஸ்தானத்தில் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தார்.

"நீ கொஞ்ச நாளா சோறே துன்றதில்லன்னு சொன்னாங்கோ," என்றார் நாட்டார். "கட்டு அவுத்து உடலாம்னுதான் நெனச்சேன். கடிச்சிடும்னு பயந்துட்டேன்."

காதர் பாய் சைக்கிளில் வந்து இறங்கி, தொப்பியைச் சரி செய்துகொண்டு முன்னால் வந்தார். "மன்னிச்சிருங்க தம்பி. லாரி காலையிலயே போயிருச்சி. பொட்டியில இது ஒண்ணுதான் மிச்சம் கெடந்துச்சி. ஏரி மீனா கடல் மீனான்னு அந்த அவசரத்துல ரோசனையே வரல."

மடவை போட்டவர்கள் மட்டும் ஏழெட்டுப் பேர். நானும் கையைத் தூக்கினேன்.

"நீயுமா?" என்றார் அவர்.

"ஆமாய்யா. நானுந்தான். உன் வெரலு போச்சின்னு நான் ஒப்பாரி வெக்கல. நீ மூட்டையக் கட்டுன்னு சொன்னியே, அதான் எனுக்குத் தாங்கல."

அவர் குனிந்து அந்த வஞ்சிரத்தை எடுத்தார்.

"இத்தத் தொட்டுப் பாருங்கோ. இன்னும் ஜில்லுனு கீது. இந்தக் கையால தொட்டா எனுக்குத் தெரியாது. தெரியாதுன்னுதான போட்டீங்கோ?"

காதர் பாய் தலையைக் குனிந்துகொண்டார். பூனையை விரட்டுகிறவன்கூட அசையாமல் நின்றான்.

"பதினோரு வருசம் என் தலப்பாவுக்குப் பாடு குட்த்தீங்கோ. யாரும் செய்ய மாட்டாங்கோ. நான் எங்க நின்னாலும் அத நெனச்சிகினுதான் நின்னேன். இப்ப தலையே வந்துடுச்சி நைனா. இன்னும் தலப்பாவுக்கே மீனு போட்டுகினு கீறீங்களே."

எனக்கு அங்கேயே பூமி பிளந்தால் தேவலை போல இருந்தது. நல்லது செய்கிறோம் என்று நினைத்து நாங்கள் அவரைக் கழியில் மாட்டிய துணியாகவே வைத்துவிட்டோம். அதில் முதல் ஆள் அவர் பெண்டாட்டி.

நாட்டார் எழுந்து நின்றார். "குத்தந்தான். வலையில கை வெச்சவன் பாடு வலைக்காரனுக்கு. என் பாடும் சேத்து, எல்லார் பாடும் தேசப்பனுக்கு."

ஊர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தது. அப்படிப் போனால் ஒரு மாசத்துக்கு வாய்க்காலில் வேறு யாரும் வலை கட்ட முடியாது.

செங்கேணி அண்ணிக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது. "சரி, தீர்ப்பு ஸோக்கா கீது. அப்ப ஒரு மாசம் ஊரே உன் வூட்டுலதான் வந்து குந்தி சோறு துன்னும். கன்னிம்மா, உலையில இன்னும் ரெண்டு படி போடுடி!"

அவர் அண்ணியைப் பார்த்தார். ஓலைப்பாயைப் பார்த்தார். தலையில்லாத இறாலைப் பார்த்தார். வாயைக் கடித்து அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வந்ததிலிருந்து முதல்முறையாகச் சிரித்தார். நின்ற இடத்திலேயே குந்தி உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். ஊர் அதற்கப்புறம்தான் துணிந்து சிரித்தது.

சிரித்து முடித்துவிட்டு, "எனுக்கு யார் பாடும் வேணாம்," என்றார். "நாளைக்கு துலுக்காணம் பாடு. அது மட்டும் போதும். ஆனா ஒருத்தரும் என்னப் பாக்கக்கூடாது."

முதுகுகள்

மறுநாள் நாட்டாரின் உத்தரவுப்படி ஊர் மொத்தமும் ஏரிக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்து உட்கார்ந்தது. எங்கள் குப்பம் ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பதால் அது சௌகரியமாக அமைந்தது. துலுக்காணம் அண்ணன், மீன் எதுவும் போடமாட்டேன் என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டுப் படகில் ஏறினார். அண்ணிக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. "கடலு நல்லாத்தான் கீது, எவ்ளோ நேரம் அதையே பாக்கறது," என்று முனகினாள்.

நடுவில் ஒரு அலறல் கேட்டது. எல்லோர் முதுகும் நடுங்கியது. யாரும் திரும்பவில்லை. பிறகு தெரிந்தது, நண்டு ஒன்று அவருடைய செத்த விரலைக் கவ்விக்கொண்டிருக்கிறது. அவருக்கு அது தெரியவே இல்லை. பார்த்த துலுக்காணம் அண்ணன்தான் அவருக்காக அலறினார்.

கொஞ்ச நேரத்தில் எனக்குப் பின்னால் கூடை ஒன்று தொப்பென்று விழுந்தது. திரும்பினேன். கால் கூடைகூட நிறையவில்லை. கொஞ்சம் இறால், தலையோடு. நாலு மடவை. அந்த நண்டு. முழங்கால்வரை சேறும், தாடையில் மீன் செதிலுமாக அவர் நின்றார்.

"இன்னா மரமாட்டம் குந்திகினு கீற? கூடையத் தூக்கு! மீனு நாறிடப் போவுது!"

பதினோரு வருஷமாக என் வீட்டுக்கு மீன் வந்தது. 'இந்தா தங்கச்சி' என்று மரியாதையாகக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். மற்றப் பெண்களைப் பார்த்து அவரவர் புருஷன் கரையில் நின்று கத்துகிற மாதிரி என்னைப் பார்த்து யாரும் கத்தினதில்லை.

"தூக்கறேன்யா, கத்தாத!" என்று நானும் ஊர் கேட்கும்படி கத்தினேன். கூடையைத் தலையில் வைத்தேன். தண்ணீர் முகத்தில் வழிந்தது, அதில் எது மீன் தண்ணீர் என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

வீட்டுக்கு வந்ததும், "அருவாமணைய எடு," என்றார்.

"அது மூட்டைக்குள்ள கீது."

"அவுருடி."

உட்கார்ந்து அவிழ்க்கப் பார்த்தேன். நகம் இரண்டு பெயர்ந்தது. பல்லால் கடித்துப் பார்த்தேன். செங்கேணி அண்ணியைக் கூப்பிட்டேன், அவளும் இழுத்துப் பார்த்தாள். அவர் இடது கையால் போட்ட முடிச்சு. கடைசிவரை அவிழவே இல்லை. பக்கத்து வீட்டில் கத்தி வாங்கி வந்து வெட்டித்தான் எடுத்தோம்.